இழுக்கும் சரி, தாங்குமா? ஃபிஃப்த் வீல் வாங்குமுன் ஒரு கணக்கு

டெக்சஸில் முக்கால் டன் (இது வண்டி ரகத்தின் பெயர், எடை அல்ல) டீசல் பிக்கப் வாங்கியபோது விற்பனையாளர் வாயில் இருந்தது ஒரே எண்தான்: 18,000 பவுண்டு இழுக்குமாம். அதை நம்பி, முழுச் சுமையோடு 14,000 பவுண்டு வரும் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை, அதாவது பிக்கப்பின் முதுகிலேயே மாட்டும் பெரிய டிரெய்லரை, மாட்டினேன். வண்டி பின்பக்கம் குந்திக்கொண்டது. ஹெட்லைட் வானத்தைப் பார்க்க, எதிரே வந்தவர்களெல்லாம் எனக்கு லைட் அடித்துக்கொண்டே போனார்கள்.

1. கதவைத் திறங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் பேலோட். விளம்பரத் தாளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். என் ஸ்டிக்கரில் 2,310.

2. பின் வெயிட் (pin weight), அதாவது டிரெய்லர் டிரக்கின் மேல் அழுத்தும் எடை. நான் சறுக்கியது இங்கேதான். ஃபிஃப்த் வீலின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் முதுகில் உட்காரும். காலி எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டிரெய்லரின் ஜிவிடபிள்யூஆரை, அதாவது முழுச் சுமையோடு அது தாண்டக் கூடாத மொத்த எடையை, எடுங்கள். 14,000-க்கு 2,800. டிரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச் 200, நாங்கள் நான்கு பேர் 600. மொத்தம் 3,600. 2,310-ஐக் கழித்தால் 1,290 பவுண்டு அதிகம்!

இன்ஜினுக்குத் தெம்பு இருந்தது, ஸ்ப்ரிங்குக்கும் அச்சுக்கும் இல்லை. முக்கால் டன் வண்டிகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுதான். அதற்குள் கனமான டீசல் இன்ஜினும் சன்ரூஃபும் இடம் பிடித்துக்கொண்டால் மிச்சம் நமக்கு எவ்வளவு இருக்கும்? சஸ்பென்ஷனில் ஏர்பேக் (ஸ்ப்ரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். வண்டி நிமிரும், ஸ்டிக்கர் மாறாது. இந்த அளவு டிரெய்லருக்கு அடுத்த ரகமான ஒரு டன் வண்டிதான் என் கட்சி. இதைவிடப் பெரியதென்றால் யோசிக்காமல் டூயலி, அதாவது பின்னால் நான்கு சக்கரம்.

3. எடை போடுங்கள். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) எனும் லாரி எடை மேடை இருக்கும். குடும்பத்தோடு, டேங்க் நிரப்பி, தண்ணீரும் ஏற்றிப் போங்கள் (60 கேலன் தண்ணீரே 500 பவுண்டு). முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் மூன்றாவதில். முதல் தடவை என் பின்சக்கரம் இரு தட்டுகளுக்கும் நடுவே நின்றுவிட்டது. அந்தச் சீட்டு குப்பைக்குப் போனது. எடை போடுபவரோடு பேசும் பொத்தான் லாரி உயரத்தில் இருக்கும், இறங்கி எட்டித்தான் அழுத்த வேண்டும். பிறகு பார்க்கிங்கில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் மறுபடி நிறுத்துங்கள். இரு சீட்டிலும் முதல் இரண்டு எண்களைக் கூட்டி, முதல் சீட்டின் கூட்டலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உண்மையான பின் வெயிட் வரும். எனக்கு 2,960. டிரெய்லரின் முன் அறையில் ஜெனரேட்டரை வைத்தது யார் என்று வீட்டில் கேட்காதீர்கள்.

இரண்டாவது தட்டின் எண்ணைக் கதவில் உள்ள பின் அச்சு வரம்போடும் ஒப்பிட மறக்காதீர்கள்.

சேர்த்தது: ஓட்டுநர் எடையும் பேலோடில் சேருமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சேரும். டீசல் சேராது, முழு டேங்க் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. நீங்களாகப் பொருத்திய டூல் பாக்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும்: பம்பருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு வேண்டாம், 10 முதல் 15 சதவீதம் போடுங்கள்.