கத்திரி வெயிலில் இஞ்சி சோடா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியில் விடிய விடியப் பொங்காத இட்லி மாவு, மே மாதத்தில் அஞ்சாறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இஞ்சி சோடா புளிக்க வைக்கும்போது மட்டும் இதை மறந்து, குறிப்பில் போட்டிருக்கும் நாள் கணக்கை நம்பிவிடுகிறோம். பெரிய தவறு அதுதான். “மூடி 3 நாள் வெளியே வையுங்கள்” என்பது 20 டிகிரி இருக்கும் ஊர்களுக்கான கணக்கு.

நானும் அதை நம்பித்தான் சத்துவாச்சாரி வீட்டுப் பரணில் மூன்று கண்ணாடி பாட்டில்களை வைத்தேன். இரண்டாம் நாள் மதியம் ஒன்று வெடித்து, சில்லுகள் சமையலறை வாசல்வரை தெறித்தன. அந்நேரம் அங்கே யாரும் நிற்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது.

ஏன் வெடித்தது? 4 கிராம் சர்க்கரை முழுதாகப் புளித்தால் சுமார் 1 லிட்டர் கரியமில வாயு வரும். நாம் லிட்டருக்கு 100 கிராம் போடுகிறோம். அதில் கால் பங்கு புளித்தாலே 6 லிட்டர் வாயு. ஜூஸ் பாட்டிலோ ஜாம் பாட்டிலோ அதைத் தாங்காது. சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலையே கழுவி எடுங்கள், மேலே மூன்று விரல் இடம் விடுங்கள். காலையும் மாலையும் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகிவிட்டதா, உடனே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். கத்திரியில் பெரும்பாலும் ஒரே நாளில் இறுகிவிடும்.

அப்புறம், வைத்த சூட்டோடு திறக்காதீர்கள். குளிர்ந்த நீரில்தான் வாயு நன்றாகக் கரையும். 5 டிகிரியில் கரைவது 25 டிகிரியில் கரைவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. ஒரு நாள் முழுக்கக் குளிரட்டும். புளிக்கவைக்கும் ஈஸ்டும் அடியில் படிந்துவிடும், ஆட்டாமல் ஊற்றினால் தெளிவாக வரும்.

இஞ்சி உறை (சோடாவைப் புளிக்கவைக்க இஞ்சி, சர்க்கரை, தண்ணீர் சேர்த்து முதலில் தயாரிக்கும் கலவை) எழும்பவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இஞ்சியைத் தோல் சீவிப் போட்டவர்கள். ஈஸ்ட் இருப்பதே தோலில்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரையும் காய்ச்சி ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

“இன்னும் நாலு நாள் விட்டால் சுவை ஏறும்” என்று நீட்டாதீர்கள். ஏறுவது ஆல்கஹால். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சீக்கிரமே எடுத்ததிலும் கொஞ்சம் இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் கொடுப்பதில்லை.

மின்வெட்டு நீண்டால் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. குளிர் விட்டதும் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். கரண்ட் வந்ததும் பாட்டில்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ரொம்ப இறுகியிருந்தால் குளிரவிட்டு, தொட்டிமேல் பிடித்து, மூடியை மெல்லத் தளர்த்திக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.