பிராகில் முதல் நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரெஸ்டன், கெம்னிட்ஸ் போன்ற ஜெர்மன் நகரங்களில் படிக்கும் நம் மாணவர்களுக்குச் செக் நாட்டின் தலைநகரமான பிராக் கூப்பிடு தூரம்தான். வெள்ளிக்கிழமை மாலை மலிவான பேருந்து ஒன்றைப் பிடித்து ஃப்ளோரென்ட்ஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். ஞாயிறு திரும்பும்போது, "ஊர் அழகுதான், ஆனால் ஏமாற்றுக்காரர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவர்களோடு ஊர் சுற்றும்போதெல்லாம், நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் நடப்பதைப் பார்க்கிறேன். பணப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நடப்பதற்கு ஏற்ற காலணி அணியுங்கள் என்பவற்றை வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆகவே அவற்றை இங்கே எழுதவில்லை.

யூரோவோடு வந்து, கண்ட இடத்தில் மாற்றுவது

செக் குடியரசு 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2007இல், உள் எல்லைகளில் பொதுவாகக் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்துவிட்டது; நாணயம் மட்டும் இன்றும் கொருனாதான். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் நாணயம் மாறிவிடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. இறங்கியதும் கழிப்பறைக்கும் காப்பிக்கும் சில்லறை வேண்டும் என்ற அவசரத்தில், கண்ணில் படும் முதல் நாணய மாற்றுக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

அந்தக் கடைகளின் வாசலில் "தரகு இல்லை" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது பொய்யன்று, தரகு வாங்காமல், மாற்று விகிதத்திலேயே எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 24, 25 கொருனா சந்தையில் கிடைத்துக்கொண்டிருந்தபோது, உடன் வந்த தம்பி ஒருவன் நூறு யூரோவை நீட்டிவிட்டு இரண்டாயிரத்துக்கும் குறைவான கொருனாவோடு சிரித்த முகமாக வெளியே வந்தான். அவனுடைய இரண்டு வேளைச் சாப்பாடு அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு அவனைத் திரும்ப உள்ளே அழைத்துச் சென்றேன். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 1000 யூரோவுக்கு மிகாத தொகையை மாற்றியவர் 3 மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய், கட்டணமின்றி அந்த மாற்றத்தை ரத்து செய்துகொள்ளலாம். கவுன்ட்டரில் இருந்தவர் முதலில் மேலாளர் இல்லை என்றார், பிறகு படிவம் இல்லை என்றார். சட்டத்தைச் சொல்லி, நாட்டின் மத்திய வங்கியில் முறையிடுவோம் என்றதும் படிவம் எங்கிருந்தோ வந்தது. இந்த உரிமை இருக்கும் செய்தி தெரியாமலே ஊர் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

தெருவில் அருகே வந்து, "கடையைவிட நல்ல விலை தருகிறேன்" என்று கிசுகிசுப்பவரிடம் இந்த உரிமையும் செல்லாது. பெலாரஸ் நாட்டின் செல்லாத பழைய ரூபிள் நோட்டுகளைக் கொருனா என்று கையில் திணித்துவிட்டு மறைந்துவிடுவது அவர்களுடைய வழக்கம். உண்மையான 1000 கொருனா நோட்டில் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கியின் தாடி வைத்த முகமும், 2000 நோட்டில் ஓபராப் பாடகி எமா டெஸ்டினோவாவின் முகமும் இருக்கும்.

கடையைத் தவிர்த்து ஏ.டி.எம்.முக்குப் போகிறவர்களும் தப்புவதில்லை. சுற்றுலாத் தெருக்களில் நிற்கும் இயந்திரங்கள் பல, வங்கிகளுக்கு உரியவை அல்ல. அட்டையைச் செருகியதும் முதல் திரையிலேயே ஒரு மாணவனுக்குத் தேவைப்படாத பெருந்தொகைகள் வரிசையாக நிற்கும். அடுத்து எடுப்புக் கட்டணம் ஒன்றைச் சொல்லிச் சம்மதம் கேட்கும். அதற்கும் அடுத்த திரைதான் உண்மையான பொறி. உங்கள் கணக்கிலிருந்து இத்தனை யூரோ கழிக்கப்படும், ஒப்புக்கொள்கிறீர்களா என்று அது கேட்கும். பழகிய யூரோவில் கணக்குக் காட்டுவதால் மனம் நிம்மதியடைந்து, கை தானாகவே ஆம் என்பதை அழுத்திவிடுகிறது. அழுத்தினால் விகிதத்தை நிர்ணயிப்பவர் இயந்திரத்தின் உரிமையாளர். மறுத்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனத்தின் விகிதம், பெரும்பாலும் சந்தை விலைக்கு மிக நெருக்கமானது. மறுத்தால் பணமே வராது என்று அஞ்சுகிறார்கள். பணம் கொருனாவில் வந்து விழும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2020 ஏப்ரலிலிருந்து, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதைத் திரையில் காட்டியே ஆக வேண்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் காட்டிய திரையில்கூட ஆம் என்று அழுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். எண் அங்கேதான் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. கடைகளின் அட்டை இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும். அங்கும் கொருனா என்றே சொல்லுங்கள். ரொக்கம் தேவையென்றால், செஸ்கா ஸ்போரிடெல்னா, கொமெர்ச்னி பாங்கா போன்ற உள்ளூர் வங்கிக் கிளையின் சுவரில் பதித்த இயந்திரத்தைத் தேடிப் போங்கள்.

பயணச்சீட்டை வாங்கிவிட்டு, முத்திரை குத்தாமல் ஏறுவது

பிராக் மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் இல்லை. காகிதச் சீட்டை மஞ்சள் பெட்டிக்குள் செருகி, நேரம் அச்சான பிறகுதான் அது சீட்டாகும். அதுவரை வெறும் காகிதம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் வில்லையைக் காட்டிச் சீட்டைக் கேட்கும்போது, "வாங்கினேனே" என்ற பதில் எடுபடாது, அபராதம்தான். டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் வங்கி அட்டையால் வாங்கும் சீட்டில் மட்டும் நேரம் ஏற்கெனவே அச்சாகி வரும்.

நூறு கிராம் விலையை ஒரு தட்டின் விலை என்று எண்ணுவது

பழைய நகரச் சதுக்கத்தில் சுட்டு விற்கும் பன்றித் தொடைக்கறியின் பலகையில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமின் விலை. வெட்டுகிறவர் தாராளமாக வெட்டுவார். எடையை முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

ட்ர்டெல்னீக்

உருளையில் சுற்றிச் சுட்டு, சர்க்கரை தூவி விற்கும் இனிப்பு ரொட்டி இது. "பழம்பெரும் பொஹீமியப் பலகாரம்", அதாவது செக் நாட்டின் பாரம்பரியப் பலகாரம், என்பது கடைப் பலகையில் மட்டும்தான்.

மணிக்கூண்டு

அதே சதுக்கத்தில் இருக்கும் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தை நின்று பாருங்கள். மணியடிக்கும்போது நடக்கும் பொம்மை ஊர்வலத்துக்காக அரை மணி நேரம் காத்திருக்காதீர்கள், அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரே தெருவைக் கொண்டு ஊரை எடைபோடுவது

சதுக்கத்திலிருந்து கார்லோவா தெரு வழியாகச் சார்லஸ் பாலம் வரை உள்ள குறுகிய பாதையில்தான் மேற்சொன்ன கறிக்கடையும் பலகாரக் கடையும், நாணய மாற்றுக் கடைகளில் பலவும் இருக்கின்றன. அங்கேயே உண்டு, அங்கேயே மாற்றி, அங்கேயே நெரிசலில் நசுங்கியவர் ஊரைப் பற்றிக் கசப்பாகத்தான் பேசுவார். 1357இல் கட்டத் தொடங்கிய அந்தப் பாலத்தின் 30 சிலைகளையும் விடிந்த கையோடு போனால் யார் தோளும் இடிக்காமல் பார்க்கலாம். ரயிலில் வருகிறவர்களோ, 1970களில் கட்டிய நிலத்தடி மண்டபத்தைப் பார்த்து, இதுவா நிலையம் என்று முகம் சுளித்து வெளியேறுகிறார்கள். மாடிப்படி ஏறினால் யோசெஃப் ஃபான்டா வடிவமைத்து 1909இல் முடிந்த குவிமாட மண்டபம் இருக்கிறது, பார்க்கக் கட்டணமும் இல்லை.

மாலையில் லெட்னா பூங்காவின் மேட்டுக்குப் போங்கள். 1955இல் திறந்து 1962இல் தகர்க்கப்பட்ட ஸ்டாலின் சிலையின் பீடத்தில் இப்போது ஒரு பெரிய தாளமானி (இசைக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம்) ஆடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஆற்றுப் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். சாப்பாட்டுக்கு ஜிஷ்கோவ், ஹோலெஷோவிட்சே போன்ற குடியிருப்புப் பகுதிகளே ஏற்றவை. அங்கே நண்பகலில் அலுவலகத்தார் உண்ணும் பகலுணவுப் பட்டியல், அதே கடையின் இரவுப் பட்டியலைவிட நன்றாகவே மலிவு. ஆனால் அது பெரும்பாலும் வார நாள்களில்தான் உண்டு. ஆகவே வகுப்பு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காலைப் பேருந்திலேயே கிளம்பிவிடுங்கள், மாலைப் பேருந்தைவிட அதன் கட்டணமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.