நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் கையைக் காப்பது எப்படி

கிழக்கிலங்கையின் மருதமுனையில் சாரன் நூலுக்குச் சாயம் போடுகிறவர்களுக்குக் கை அரித்தால் பழியெல்லாம் சாயத்தின் மேல்தான். பல வேளை கையைத் தின்பது அதோடு சேர்க்கும் காஸ்டிக் சோடா என்ற கடும் காரமும், சாயத்தைக் கரைய வைக்கும் ஹைட்ரோஸ் தூளும்.

எப்போது தொடங்கியது என்று பாருங்கள். பட்ட இடம் மட்டும் உடனே அல்லது சில மணி நேரத்தில் எரிந்து சிவந்தால் அது காரம். 1 முதல் 3 நாள் கழித்து அரிப்பும் சிறு நீர்க்கொப்புளமும் வந்து, படாத இடத்துக்கும் பரவினால் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒவ்வாமை வந்தவருக்கு அந்தச் சாயம் கொஞ்சம் பட்டாலும் மறுபடி கிளம்பும். அவரைச் சாயத் தொட்டியில் நிறுத்தவே கூடாது.

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை வேண்டும். காற்றை அடைத்து வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டைக் கையுறை வெறுங்கையைவிட மோசம், உள்ளே போன காரம் தோலோடு ஒட்டி நிற்கும். விளிம்பை வெளிப்பக்கம் இரண்டு விரல் அளவு மடித்துவிடுங்கள். நூல் கழியைத் தூக்கும்போது வழிகிற சாயநீர் முழங்கைக்கு ஓடாமல் அந்த மடிப்பில் தங்கும். நம்முடைய வெக்கைக்கு உள்ளே வேர்க்கும்; பருத்திக் கையுறையை அடியில் போட்டு, ஈரமானதும் மாற்றுங்கள்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் கரைக்க வேண்டாம். ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கும். ரியாக்டிவ் சாயப் பொடியை மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசத்தோடு நிறுங்கள். அந்தத் தூசு சிலருக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவரும்.

கையில் ஏறிய நிறத்தைப் பிளீச்சாலோ ஹைட்ரோஸ் கரைசலாலோ கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். விரலிடுக்கு வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, வாசலின் பூசினால் போதும். மிச்ச நிறம் சில நாளில் தோலோடு உதிரும்.

காரம் தெறித்தால் நனைந்த உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். வினாகிரி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவியபடியே வைத்தியசாலைக்கு.

2 வாரத்தில் ஆறாவிட்டால் தோல் கிளினிக்குக்குப் போங்கள். சாயப் பைக்கற்றில் உள்ள பெயரையும் எண்ணையும் எழுதிக் கொண்டுபோங்கள். பொடியைத் தோலில் வைத்து நீங்களே சோதிக்க வேண்டாம். ஒட்டுச் சோதனை (சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டிப் பார்ப்பது) செய்தால் முதுகை நனைக்காமல் 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். எடுத்த பிறகு இன்னொரு நாளும் காட்டச் சொல்வார்கள். சில ஒவ்வாமை பிந்தித்தான் தெரியும், அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.