சாவி எப்போது பிறந்தது? ஃபயர்வால், விபிஎன் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் டெல்டாவில் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்ததோடு, கடைகளிலும் ஆலைகளிலும் இருந்த ரவுட்டர்கள், ஃபயர்வால்கள் (வெளியாட்களை நெட்வொர்க்குக்குள் விடாமல் தடுக்கும் பெட்டிகள்) எத்தனையோ பாழாயின. நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு அரிசி ஆலை, ஜவுளிக்கடை, கிளினிக் போன்ற இடங்களுக்கு நெட்வொர்க் வேலை செய்பவன். அப்போது ஓர் ஆலைக்காரருக்கு ஐந்து ஊர்களில் ஐந்து புதுப் பெட்டிகள் வைக்க வேண்டியிருந்தது. கணக்கு, இருப்பு எல்லாம் விபிஎன் (இணையத்துக்குள்ளேயே பூட்டுப் போட்ட தனிவழி) வழியாகத்தான் ஓடும், அதனால் அவசரம். ஒரு பெட்டியில் எல்லாவற்றையும் நிறுவி, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் டிஸ்கை அப்படியே மற்ற நான்குக்கும் நகலெடுத்தேன். முகவரிகளை மட்டும் மாற்றினேன். ஒரே நாளில் வேலை முடிந்தது.

மூன்று வருஷம் கழித்து, புது லேப்டாப்பிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். மன்னார்குடி பெட்டிக்கு வந்தபோது, இந்தப் பெட்டியின் சாவியை நம்பலாமா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு மேலே இன்னொரு செய்தியும் வந்தது. இதே சாவி வேறு முகவரிகளிலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பெட்டிகளின் முகவரிகளைக் காட்டியது. சாவியின் கைரேகையை, அதாவது சாவியை அடையாளம் காட்டும் சிறு எழுத்துத் தொடரை, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். ஐந்தும் ஒன்றே.

ஆலைக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"ஏன் தம்பி, எல்லாம் புதுப் பெட்டிதானே? பூட்டு நல்லாத்தானே இருக்கு?"

"பூட்டு நல்ல பூட்டுதாண்ணே. ஆனா அஞ்சுக்கும் ஒரே சாவி. திருத்துறைப்பூண்டி பெட்டி ஒண்ணு யார் கையிலாவது சிக்கினா, மத்த நாலும் திறந்த மாதிரிதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரே நாத்தங்கால்ல பறிச்ச நாத்து. ஒண்ணுல சீக்கு இருந்தா அஞ்சு வயலுக்கும் போயிடும்" என்றார்.

நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் எல்லோரும் கேட்பது சாவியின் நீளம் 2048 பிட்டா, 4096 பிட்டா என்பதைத்தான். அந்தச் சாவி எப்போது, எந்தப் பெட்டியில், எதை வைத்து உண்டானது என்று யாரும் கேட்பதில்லை. நெட்வொர்க் பெட்டிகள் அடிவாங்கியது பெரும்பாலும் அந்தக் கேட்காத இடத்தில்தான்.

பெட்டி எழுந்த நொடியிலேயே சாவி செய்வது

குறியாக்கச் சாவி என்பது, யாராலும் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண். ஆனால் கணினி சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம். ஊகிக்க முடியாத எதையும் அது தானாக உண்டாக்காது. அதனால் வெளியிலிருந்து ஒழுங்கில்லாத தகவல்களைப் பொறுக்கிச் சேர்த்து வைக்கும். விசைகளைத் தட்டும் இடைவெளி, மவுஸ் நகரும் விதம், ஹார்ட் டிஸ்கில் ஏற்படும் நுண்ணிய தாமதம், பாக்கெட்டுகள் வந்து சேரும் நேரம் எல்லாம் அதில் சேரும். இந்தச் சேமிப்பை என்ட்ரோபி என்கிறார்கள். அது சேரும் இடத்தை ஒரு பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு விதையை எடுத்து, அந்த விதையிலிருந்து ரேண்டம் எண்களை வளர்க்கிறது கணினி. விதை ஒன்றானால் விளைவதும் ஒன்றுதான், ஓர் எண்கூட மாறாது.

இப்போது ஒரு ஃபயர்வால் பெட்டியை நினைத்துப் பாருங்கள். விசைப்பலகை இல்லை, மவுஸ் இல்லை, சுழலும் டிஸ்கும் இல்லை. கடிகாரத்துக்கு பேட்டரி இல்லாத பெட்டிகளில், பெட்டியைத் தயாரித்த இடத்தில் வைத்த ஒரே தேதியிலிருந்துதான் நேரமும் தொடங்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்து முதல் முறை மின்சாரம் கொடுத்ததும் அது செய்யும் முதல் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? தனக்கான சாவியைத் தயாரிப்பது. பானையில் இன்னும் ஒன்றுமே விழவில்லை, அதற்குள் அள்ளுகிறது.

மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்த செய்தி வந்த உடனே கடைமடையில் யாரும் நடவுக்கு இறங்குவதில்லை. கல்லணைக்கு வந்து, ஆறு பிரிந்து, வாய்க்கால் நிறைந்து, நம் மடைக்கு வர நாளாகும். அந்தப் பொறுமைதான் இந்தப் பெட்டிகளுக்கு இல்லாமல் போனது.

அதன் விளைவை 2012-ல் நாடியா ஹெனிங்கர், ஜாகிர் துருமெரிக், எரிக் வஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகிய நால்வர் வெளிப்படுத்தினார்கள். இணையம் முழுவதையும் அலசி, கண்ணில் பட்ட பொதுச்சாவிகளை எல்லாம் திரட்டினார்கள். சாவி ஜோடியாகத்தான் பிறக்கும்: பொதுச்சாவி எல்லோருக்கும் தெரியும், தனிச்சாவி பெட்டிக்கு மட்டுமே தெரிய வேண்டிய ரகசியம். டிஎல்எஸ் (இணையதளத் தொடர்பைப் பூட்டும் முறை) பயன்படுத்தும் கணினிகளில் 0.50 சதவீதத்தின் தனிச்சாவியை வெறும் கணக்குப் போட்டே எடுத்துவிட்டார்கள். எஸ்எஸ்ஹெச் கணினிகளில் 1.03 சதவீதத்தின் டிஎஸ்ஏ (மின்னணுக் கையெழுத்து முறை ஒன்று) தனிச்சாவிகளும் கிடைத்தன. மாட்டியவற்றில் பெரும்பாலானவை ரவுட்டர், ஃபயர்வால், விபிஎன் பெட்டி போன்றவைதான். ஏறக்குறைய அதே சமயத்தில் அர்ஜென் லென்ஸ்ட்ராவின் குழுவும் தனியாக இதே ஓட்டையைக் கண்டுபிடித்தது.

எப்படி எடுத்தார்கள் என்பதைத் தாளும் பேனாவும் வைத்தே பார்க்கலாம். ஆர்எஸ்ஏ என்ற பரவலான முறையில் பொதுச்சாவியின் அடித்தளம் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல். பெருக்குவது எளிது. பெருக்கிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது நடைமுறையில் முடியாத காரியம். இந்தக் கடினத்தில்தான் மொத்தப் பாதுகாப்பும் நிற்கிறது. சரி, ஒரு பெட்டியின் சாவி 10,403 என்றும் இன்னொன்றின் சாவி 10,807 என்றும் வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் படித்த யூக்ளிட் முறையில் மீ.பொ.வ. காணுங்கள். 10,807-ஐ 10,403-ஆல் வகுத்தால் மீதி 404. 10,403-ஐ 404-ஆல் வகுத்தால் மீதி 303. 404-ஐ 303-ஆல் வகுத்தால் மீதி 101. 303-ஐ 101-ஆல் வகுத்தால் மீதியே இல்லை. ஆக 101 இரண்டுக்கும் பொது. முதலாவது 101 × 103, இரண்டாவது 101 × 107. நான்கே வகுத்தலில் இரண்டு பூட்டும் திறந்துவிட்டன. நிஜச் சாவியில் எண்கள் அறுநூறு இலக்கத்துக்கு நீளும். ஆனாலும் இந்த வகுத்தல் கணினிக்கு நொடிப்பொழுது வேலைதான்.

இரண்டு பெட்டிகளுக்கு ஒரே பகா எண் எப்படி வந்தது என்று கேட்கலாம். இரண்டும் ஒரே வெறும் பானையிலிருந்து தொடங்கியதால், முதல் பகா எண் இரண்டிலும் ஒன்றாகவே வந்தது. அதற்குள் கடிகாரம் ஒரு நொடி நகர்ந்தது, அல்லது ஏதோ ஒரு பாக்கெட் வந்தது. அந்தச் சிறு மாற்றத்தால் இரண்டாவது பகா எண் வேறாயிற்று. இதுதான் எனக்கு நெஞ்சில் தைத்த விஷயம். இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்திருந்தால், ஒரே சாவி என்று யாராவது ஒருநாள் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பாதி ஒன்றாகி பாதி மாறியதால், இரண்டு சாவியும் வெளிப்பார்வைக்கு வெவ்வேறாகவே தெரியும். கைரேகையை ஒப்பிட்டாலும் தெரியாது.

இதைத் தவிர்ப்பது கஷ்டமில்லை. பெட்டி முதல் முறை எழுந்ததும் செய்துகொண்ட சாவியைத் தற்காலிகம் என்று வையுங்கள். உள் நெட்வொர்க்கில் மாட்டி, போக்குவரத்து ஓடவிட்டு, அப்புறம் பழைய சாவிகளை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். பெட்டி மேல் நம்பிக்கை இல்லையென்றால், உங்கள் வேலைக் கணினியில் சாவியைத் தயாரித்து உள்ளே ஏற்றுங்கள். பல பெட்டிகளுக்குள் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் 2014-ல் வந்த 3.17 பதிப்பிலிருந்து, பானை நிறையும்வரை காத்திருந்து எண் தரும் வசதி இருக்கிறது. உங்கள் பெட்டியின் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ளேயே வரும் நிரல்) அதைவிடப் பழைய லினக்ஸில் ஓடுகிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ரேண்டம் எண்ணுக்கென்று தனி வன்பொருள் உண்டா என்றும் கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன்.

இன்னொன்று. முறையாக அணைக்கும்போதுதான் பல பெட்டிகள் அடுத்த முறைக்கான விதையைச் சேமித்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நகலெடுத்துப் பரப்புவது

என் தவறு இதுதான், மேலேயே சொல்லிவிட்டேன். நகலெடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. நகலெடுக்கும் முன் மூலப்பெட்டியிலிருந்து எஸ்எஸ்ஹெச் சாவிகள், விபிஎன் தனிச்சாவிகள், சேமித்து வைத்த ரேண்டம் விதைக் கோப்பு மூன்றையும் துடைக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். அது அப்படியே போனால், ஐந்து பெட்டிகளும் ஒரே விதையோடு எழுந்திருக்கும்.

விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கணினி) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். அதன் அந்த நேர நிலையை அப்படியே சேமித்த ஒரே ஸ்னாப்ஷாட்டை இரண்டு முறை உயிர்ப்பித்தால், இரண்டும் ஒரே ரேண்டம் எண்களைத் தரக்கூடும். டிஎஸ்ஏ, இசிடிஎஸ்ஏ கையெழுத்து முறைகளில் இது பேராபத்து. ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக ஒரு ரகசிய எண் வேண்டும். ஒரே எண்ணை வெவ்வேறு செய்திகளுக்கு இரண்டு முறை பயன்படுத்தினால், அந்த இரண்டு கையெழுத்துகளை வைத்தே தனிச்சாவியைக் கணக்கிட்டுவிடலாம். சோனியின் பிளேஸ்டேஷன் 3-ல் அந்த எண் மாறாமலே இருந்ததை 2010 டிசம்பரில் ஒரு குழு மேடையேறிக் காட்டியது.

பார்க்க ஒழுங்கில்லாமல் இருந்தால் போதும் என்று நம்புவது

நிரலாக்கம் தெரிந்த இளைஞர்கள் அதிகம் விழும் குழி இது. பைத்தான், பிஹெச்பி போன்ற மொழிகளில் கைக்கு எட்டும் சாதாரண ரேண்டம் வசதி பெரும்பாலும் மெர்சன் ட்விஸ்டர் என்ற முறையில் இயங்குகிறது. விளையாட்டுக்கும் ஆய்வுக்கும் அருமையானது. ஆனால் அது தரும் 32 பிட் எண்கள் 624-ஐத் தொடர்ச்சியாகப் பார்த்தவர், அடுத்து வருவதை எல்லாம் பிசகில்லாமல் சொல்லிவிடுவார். கடவுச்சொல், டோக்கன், சாவி எதற்கும் அதைத் தொடக்கூடாது. பைத்தானில் இதற்கென்றே 3.6 பதிப்பிலிருந்து சீக்ரெட்ஸ் என்ற தொகுதி இருக்கிறது. நேரத்தையும் மேக் முகவரியையும் (ஒவ்வொரு பெட்டியின் நெட்வொர்க் வன்பொருளுக்கும் உள்ள எண்) கலந்து சொந்தமாக விதை செய்வதும் வேண்டாம். மேக் முகவரி அதே நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் கதை இதைவிடக் கசப்பானது. 2006 செப்டம்பரில், சாவிகளைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியது என்பதற்காக, நல்லெண்ணத்தோடு இரண்டு வரிகளை முடக்கினார்கள். பானைக்குள் என்ட்ரோபியைக் கலக்கும் வேலையையே அது நிறுத்திவிட்டது. மிஞ்சியது இயங்கும் நிரலின் வரிசை எண் மட்டும். அதற்கு 32,768 மதிப்புகளுக்கு மேல் இல்லை. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் மொத்தச் சாத்தியமே அவ்வளவுதான். அத்தனையையும் முன்கூட்டியே செய்து பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். வெளியே பார்த்தால் 2048 பிட் சாவி. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

ஃபர்ம்வேர் புதுசு, சாவி பழசு

அந்த ஓட்டையை டெபியன் அடைத்தது. ஆனால் நிரலைத் திருத்தினால், அதற்கு முன்பு பிறந்த சாவி திருந்தாது. டெபியனில் செய்த சாவியை வேறு கணினிக்குக் கொண்டுபோயிருந்தால், அங்கேயும் அது சொத்தையாகவே இருக்கும். "அப்டேட் பண்ணியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் இடம் இதுதான். நான் அடிக்கடி பார்க்கிறேன்.

2016-ல் ஹெனிங்கரும் உடன் ஆய்வாளர்களும் மறுபடி பார்த்தபோது, 8 கோடிக்கும் மேற்பட்ட ஆர்எஸ்ஏ சாவிகளில் 3 லட்சத்துக்கும் மேல் உடைந்தன. நான்கு வருஷம் முன்பே எச்சரித்தும் இந்த நிலைமை.

சில ஓட்டைகள் தயாரிப்பாளர் பக்கமே இருந்தன. ஃபயர்வால் நிறுவனமான ஃபோர்டினெட்டின் ஃபோர்டிஓஎஸ் 4 பதிப்புகளில், ரேண்டம் எண் தயாரிக்கும் முறைக்கு வேண்டிய ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள் என்பது 2017-ல் வெளிவந்தது. 2015 டிசம்பரில் இன்னொரு நிறுவனமான ஜூனிப்பர், தன் ஃபயர்வால்களில் ஓடும் ஸ்கிரீன்ஓஎஸ்ஸில் அனுமதியில்லாத நிரல் புகுந்திருப்பதாக அறிவித்தது. அதில் டூயல் ஈசி என்ற ரேண்டம் எண் முறையின் ஒரு நிலையான எண்ணையே யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அந்த முறையில் பின்கதவு வைக்க முடியும் என்று டான் ஷுமோவும் நீல்ஸ் ஃபெர்குசனும் 2007-லேயே காட்டியிருந்தார்கள். நாமெல்லாம் இதைத் தடுத்திருக்க முடியாது. நம் கையில் இருப்பது, இப்படி அறிவிப்பு வந்தால் ஃபர்ம்வேரை ஏற்றி, அன்றே எல்லாச் சாவிகளையும் விபிஎன் கடவுச்சொற்களையும் மாற்றுவது.

பெட்டியின் பொதுச்சாவி யாருடையது என்று சான்று சொல்லும் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்கும்போதும் கவனம். தேதி மட்டும் நீண்டு, உள்ளே அதே பழைய தனிச்சாவி தொடர்வது சகஜம். புதுப்பிக்கும்போது புதுச் சாவியும் செய் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெட்டி எந்த ஊரில் இருக்கிறது, சாவி என்றைக்குச் செய்தது, எந்த ஃபர்ம்வேரில் செய்தது, கைரேகையின் கடைசி எட்டு எழுத்து என்ன என்று ஒரு பெட்டிக்கு ஒரு வரி. ஆலைக்காரரின் ஐந்து பெட்டிகளுக்கும் ஒரே வாரத்தில் சாவி மாற்றினேன். வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போய், அங்கே கடைசிப் பெட்டியை முடித்தபோது இரவு எட்டு மணி. ஐந்து கைரேகைகளையும் தாளில் எழுதி ஆலைக்காரரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்.