ஓபரா வீடியோ பார்த்து மதிப்பிடுவது எப்படி?

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் வயலினும் கீபோர்டும் கற்கிற பிள்ளைகள் பலர் யூடியூபில் ஓபரா (கதையைப் பாட்டாகவே நடத்தும் மேலைநாட்டு இசை நாடகம்) பார்க்கிறார்கள். "நல்லா இருக்குண்ணா, ஆனா எது நல்லா இருக்குன்னு சொல்லத் தெரியல" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா டிராவியாட்டா'வை (முதல் அரங்கேற்றம் வெனிஸ், 1853) வைத்தே பழகலாம்.

முதலில் கதையைப் படித்துவிடுங்கள். பாரிஸில் காசநோயோடு வாழும் வயலெட்டா, அவளை நேசிக்கும் ஆல்ஃபிரெடோ, பிரிந்துபோகச் சொல்லும் அவன் அப்பா. இவ்வளவுதான். சப்டைட்டில் இருக்கட்டும்.

அடுத்து, இது மேடையில் நடந்ததைப் பிடித்ததா, பாட்டை முன்பே பதிவுசெய்து வாயசைத்த சினிமாவா என்று பாருங்கள். சினிமா என்றால் மூச்சு, களைப்பு பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சரி, இப்போது இசை. ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடுங்கள். முன்னிசையில் வயலின்கள் மிக மெல்லிசாக, உச்சத்தில் தொடங்கும். போன் ஸ்பீக்கரில் அது காணாமலே போகும். அதே இசை மூன்றாம் அங்கத்தில், அவள் நோய்ப்படுக்கையில் கிடக்கும்போது திரும்ப வரும். வாத்தியக் குழுவை நடத்துபவர் அங்கே அவசரப்படுகிறாரா, மௌனத்துக்கு இடம் விடுகிறாரா என்று கவனியுங்கள்.

பாட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முதல் அங்கத்தில் வயலெட்டாவுக்கு வேகமான சங்கதிகள். இரண்டாவதில் கனமான, நீண்ட வரிகள். மூன்றாவதில் குரல் தேய வேண்டும். மூன்றும் ஒருவருக்கே அமைவது அபூர்வம். முதல் அங்கத்தின் முடிவில் பலர் தொடுகிற உச்ச ஈ-பிளாட் ஸ்வரம் வெர்டி எழுதியது இல்லை, வழக்கத்தில் வந்தது. அதைப் பாடாதவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். அதைவிட, கடைசி அங்கத்தில் அவள் கடிதம் வாசிக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே பாட்டே இல்லை, வெறும் பேச்சு. பின்னால் வயலினில் பழைய காதல் மெட்டு. வாசித்து முடித்து "நேரம் கடந்துவிட்டது" என்கிறாளே, அந்தச் சொல் எப்படி விழுகிறது? எனக்கு நல்ல வயலெட்டா யாரென்று அங்கேதான் தெரியும்.

குரலின் அளவை மட்டும் வீடியோவில் எடைபோடாதீர்கள். மைக் வராத காலத்தில் வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் பாடியவர்களைப் போல, ஓபராக்காரர்களும் கடைசி வரிசை வரை சொந்தக் குரலில் எட்ட வேண்டியவர்கள். பதிவில் மைக் எல்லோரையும் ஒரே அளவாக்கிவிடும். குளோசப்பில் வாய் பெரிதாகத் திறப்பதும் மிகைநடிப்பு ஆகாது.

அப்புறம் மேடை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் 2005இல் வந்த தயாரிப்பில் பாரிஸ் மாளிகையே கிடையாது. வளைந்த வெள்ளைச் சுவர், பெரிய கடிகாரம், வயலெட்டாவாகப் பாடிய அன்னா நெட்ரெப்கோவின் சிவப்பு உடை. வயலெட்டாவுக்கு நேரம் குறைவு என்று இசை சொல்வதையே கடிகாரமும் சொல்கிறது. அதனால் எனக்குப் பிடிக்கும். மாளிகை இல்லையே என்று குறை சொல்வதற்கு முன், அரங்கம் இசையோடு ஒட்டுகிறதா என்று கேளுங்கள். விருந்துக் காட்சியில் கேமரா ஒரே முகத்தில் நின்றால், மற்றவர்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுத முடியாது. அது மேடை இயக்குநரின் குற்றமும் அல்ல.

நேரமில்லை என்றால், இரண்டாம் அங்கத்தில் ஆல்ஃபிரெடோவின் அப்பாவும் வயலெட்டாவும் பாடும் இடத்தை மட்டும் இரண்டு வெவ்வேறு பதிவுகளில் பார்த்து, இசை, பாட்டு, மேடை என்று தனித்தனியாகக் குறிப்பெடுங்கள்.