கால்சியம் புட்டி மட்டும் போதாது: பவளத் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்நீர்த் தொட்டியில் கல்பவளம் வளர்ப்பவர்களின் முதல் தவறு கடையிலேயே தொடங்கிவிடுகிறது. பவளத்துக்குக் கால்சியம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, கால்சியம் என்று எழுதியிருக்கும் புட்டியை மட்டும் வாங்கி வந்துவிடுகிறார்கள். பவளம் தன் கூட்டைக் கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். அதன் மறுபாதியான கார்பனேட் நீரின் காரத்தன்மையிலிருந்துதான், அதாவது நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட் இருப்பிலிருந்துதான், கிடைக்க வேண்டும்.

இரண்டும் ஒரே கணக்கில் செலவாகின்றன. காரத்தன்மை 1 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) இறங்கினால், கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் குறையும். அதாவது காரத்தன்மை 8-லிருந்து 7-க்கு வந்த தொட்டியில் கால்சியம் 420-லிருந்து 413 ஆகியிருக்கும். வீட்டில் வைத்துப் பார்க்கும் சோதனைப் பெட்டியில் அந்த வேறுபாடு தெரியாது. கால்சியம் சரியாகத்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும்போதே காரத்தன்மை அடிமட்டத்துக்குப் போயிருக்கும். அடிக்கடி அளக்க வேண்டியது அதைத்தான். எதையும் சேர்க்காமல் 3 நாள், ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். உங்கள் பவளங்களின் அன்றாடச் செலவு தெரிந்துவிடும். அது தெரியாமல் புட்டியின் மேல் அச்சிட்ட அளவை நம்பி ஊற்றுவது பெரிய தவறு.

அதற்கும் முன்னால் உப்பைப் பாருங்கள். கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உங்கள் தொட்டியில் 30 தான் என்றால் கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்தே குறைவாகக் காட்டும். அப்போது சரிசெய்ய வேண்டியது உப்பைத்தான்.

இரட்டைக் கரைசல் (கால்சியத்துக்கு ஒரு புட்டி, காரத்தன்மைக்கு ஒரு புட்டி) வாங்கியவர்கள் இரண்டையும் ஒரே இடத்தில், அடுத்தடுத்து ஊற்றிவிடுகிறார்கள். அந்த நொடியே நீர் பால்போல் வெளுத்து, காசு கொடுத்து வாங்கியதெல்லாம் வெண்பொடியாக அடியில் படிகிறது. நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில், போதிய இடைவெளி விட்டு ஊற்றுங்கள். மக்னீசியம் லிட்டருக்கு 1,300 மில்லிகிராமை ஒட்டி இருக்கட்டும். அது குறைந்தால் இந்தப் படிவு எளிதில் உண்டாகும்.

சுண்ணாம்புத் தெளிநீர் எனக்கு மிகவும் பிடித்த வழி. கால்சியம், காரத்தன்மை இரண்டையும் அது சரியான விகிதத்தில் தருகிறது. ஆனால் அதன் பி.எச். 12-க்கும் மேல். குவளையால் மொத்தமாகக் கவிழ்த்தால் உயிர்கள் மடியும். ஆவியாகிப்போன நீருக்கு ஈடாக, இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் என்ன கலந்திருக்குமோ தெரியாது. தூய கால்சியம் ஹைட்ராக்சைடே வாங்குங்கள்.

பி.எச். குறைந்ததும் காரத்தன்மையை ஏற்றுவது இன்னொரு தவறு. பூட்டிய அறையில் நம் மூச்சிலிருந்து சேரும் கார்பன் டை ஆக்சைடே பெரும்பாலும் அதற்குக் காரணம். சன்னலைத் திறந்து பாருங்கள். காரத்தன்மையே உண்மையில் குறைந்திருந்தால், 100 லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற 3 கிராம் சமையல் சோடா போதும். ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

சில மென்பவளங்கள் மட்டும் இருக்கும் சிறிய தொட்டியா? புட்டி எதுவுமே வாங்க வேண்டியதில்லை. நல்ல கடலுப்பில் கரைத்த நீரைத் தவறாமல் மாற்றிவந்தாலே அவற்றின் தேவை நிறைந்துவிடும்.