ஊர்க் குடிநீரைக் கல்லூரியும் ஊரும் சேர்ந்து சோதிக்க: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு கரைகிறது; அளவு மிஞ்சினால் அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் குடம் போர் பம்புக்குத்தான் போகிறது. எந்தப் பம்பில் எவ்வளவு ஃபுளூரைடு என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். வேதியியல் ஆய்வகமும் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்ட) அணியும் உள்ள கல்லூரி பக்கத்தில் இருந்தால், ஓராண்டில் இதைச் செய்து முடிக்கலாம்.

முதல் இரண்டு முறை ஊருக்கு மாதிரி எடுக்கும் பாட்டில் இல்லாமல் போங்கள். ஊராட்சிச் செயலர், மகளிர் குழுவினர், மோட்டார் போட்டுத் தண்ணீர் விடும் ஆபரேட்டர் மூவரையும் பாருங்கள். எந்தப் போர் எந்தத் தொட்டிக்கு ஏறுகிறது, ஒகேனக்கல் தண்ணீரோடு போர் தண்ணீர் எப்போது கலக்கிறது என்பதெல்லாம் ஆபரேட்டருக்குத்தான் அத்துப்படி. ஜல் ஜீவன் திட்டத்தில் கள சோதனைப் பெட்டியால் ஊரிலேயே தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் ஊரில் இருந்தால், அவர்களைக் குழுவில் சேர்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். மாணவர்கள் படிப்பு முடிந்து போன பிறகும் ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிக்காரர்கள் வராமல் போகலாம். பள்ளிக்கூடத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ மாலையில் வையுங்கள்; பகலில் வைத்தால் வேலைக்குப் போகும் பெண்கள் இருக்க மாட்டார்கள். குழாய்ப் பட்டியலை ஊரிலும் காலனியிலும் தனித்தனியாக நடந்தே எடுங்கள். அலுவலகப் பதிவேட்டை மட்டும் நம்பினால் கடைசித் தெருப் பம்பு விட்டுப்போகும்.

பிறகு ஒரே பக்கத்தில், தமிழில், ஓர் ஒப்பந்தம் எழுதி ஊராட்சித் தலைவரும் (தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர்) கல்லூரி முதல்வரும் கையெழுத்திடட்டும். மூன்று வரி கட்டாயம்: முடிவுகள் 15 நாளில் ஊருக்கு வரும், ஆய்வுக் கட்டுரையில் எழுதுவதற்கு முன் ஊராட்சிக்குச் சொல்லப்படும், யாருடைய பெயரும் முகமும் வெளியாகாது.

காலத்தை கிராம சபையை வைத்துக் கணக்கிடுங்கள். பிப்ரவரி கடைசியில் மாதிரி எடுத்தால் மார்ச் 22 சபைக்கு முடிவு தயாராகிவிடும், தேர்வும் இடிக்காது. மழைக்குப் பின் டிசம்பர் கடைசியில் அடுத்த சுற்று. அதன் முடிவு ஜனவரி 26 சபைக்கு. என்.எஸ்.எஸ். காலம் இரண்டு ஆண்டு என்பதால் அணியில் பாதிப் பேராவது முதலாண்டு மாணவர்களாக இருக்கட்டும். அனைவரும் மூன்றாமாண்டு என்றால் இரண்டாம் சுற்றுக்கு ஆள் இருக்காது.

மாதிரி எடுப்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கைப்பம்பை ஐந்து நிமிடமாவது அடித்து, தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். ஃபுளூரைடுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். கண்ணாடி வேண்டாம், ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும். அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலில் முறை இதற்கு நேர்மாறு: கிருமி நீக்கிய பாட்டில், அலசவே கூடாது, மேலே கொஞ்சம் காற்று இடம் விட வேண்டும். குளோரினை முறிக்க அதன் அடியில் சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருப்பார்கள். மாணவர்கள் அதை அழுக்கு என்று நினைத்துக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். அப்புறம் அந்த மாதிரியால் பயனில்லை. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், ஆய்வகத்தில் சேருங்கள். தொட்டித் தண்ணீரை ஓரிடத்தில் மட்டும் எடுக்காமல் போர் வாய், தொட்டி வெளிக்குழாய், கடைசித் தெருக் குழாய் என மூன்று இடத்தில் எடுங்கள்.

இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 படி ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மி.கி. ஏற்கத்தக்கது; வேறு தண்ணீர் இல்லையென்றால் 1.5 வரை. நைட்ரேட் 45 மி.கி.யைத் தாண்டக் கூடாது, தளர்வே இல்லை. 100 மி.லி.யில் ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. கல்லூரிகளில் ஸ்பாட்ன்ஸ் என்ற சாயத்தின் நிறம் மாறுவதை அளக்கும் நிறமானி முறையில் ஃபுளூரைடு பார்ப்பது வழக்கம். அந்த முறை 1.4 வரைதான் ஒழுங்காக அளக்கும். அதாவது ஆபத்து தொடங்கும் இடத்திலேயே அதன் அளவு முடிந்துவிடுகிறது. 1.2-க்கு மேல் காட்டும் எல்லா மாதிரியையும் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து நான்கு மடங்காக்கி மறுபடி அளந்து, கிடைத்ததை நான்கால் பெருக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் 4 மி.கி. உள்ள பம்பு 1.5 போலத் தெரியும். பத்தில் ஒரு மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கொடுத்து ஒப்பிடுங்கள். அலுவலர்கள் அந்த எண்ணைத்தான் மறுப்பில்லாமல் ஏற்பார்கள்.

முடிவை அந்தந்தப் பம்பிலேயே எழுதுங்கள். ஃபுளூரைடு அளவு தாண்டிய பம்பில் சிவப்பு வண்ணத்தில் “குடிக்க, சமைக்க வேண்டாம், குளிக்க, துவைக்கலாம்” என்று இரண்டு பாதியையும் எழுத வேண்டும். காய்ச்சினால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இதை வீடு வீடாகச் சொல்லுங்கள். காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை ஆழமானது. பக்கத்தில் எந்தக் குழாய் நல்லது என்பதையும் கூடவே சொல்லுங்கள். மாற்று காட்டாத சிவப்பு வண்ணத்தை இரண்டே வாரத்தில் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

கிராம சபைத் தீர்மானம் “நல்ல குடிநீர் வேண்டும்” என்று பொதுவாக இருந்தால் கோப்பிலேயே கிடக்கும். “7-ஆம் எண் போரை மேல்நிலைத் தொட்டியிலிருந்து துண்டிக்க வேண்டும், ஃபுளூரைடு 3.2” என்பதுபோல ஒரு போர், ஓர் அளவு, ஒரு கோரிக்கை என்று எழுதி, ஆய்வக அறிக்கையை இணைத்து, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வாரியத்துக்கும் அனுப்பி ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

குழாய் எண்களும் முடிவுகளும் எழுதிய பதிவேட்டின் ஒரு பிரதி ஊராட்சியிலும், இன்னொன்று மகளிர் குழுவிடமும், மூன்றாவது கல்லூரித் துறையிலும் இருக்கட்டும். கல்லூரியின் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரின் அலமாரியில் மட்டும் வைத்தால், அவர் பொறுப்பு மாறும் நாளில் குழாய் எண்கள் தொலைந்து, அடுத்த அணி பட்டியலிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டிவரும்.